வயசுக்கு வளர்த்த தென்னைகள்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். வெளியில் புழங்குவதோ பாதி மலையாளம். எந்த ‘ர’ எங்கே வரும், எந்த ‘ன’ எங்கே வரும் என்று இன்றைக்கும் சந்தேகம்தான். மம்மட்டி பிடித்துப் பழகிய கை என்பதால் வரி நேராக நிற்காமல் வயல் வரப்பு மாதிரி வளைகிறது. பிழை இருக்கும் இடங்களைப் படிப்பவர்கள் மனதில் திருத்திக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால்கூட கடைசி இலை தேடி உட்காருகிற ஆள். அப்படிப்பட்டவன் பஞ்சாயத்துக் கமிட்டியில் மெம்பர் ஆனதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மேட்டுக்கு மேடு நடுவே வயல்கள் சேர்ந்து கிடக்கும் பள்ளத்தை ஏலா என்போம். ஏலாவின் நடுவில் தோடு என்கிற சிற்றோடை ஓடும். பத்திரத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது வயல், மண்ணிட்டு நிரப்பக் கூடாது. ‘புரையிடம்’ என்று எழுதியிருந்தால் அது கரை, வீடு கட்டலாம். வயலை நிரப்பக் கூடாது என்று சட்டம் வந்தபோது எந்தெந்த இடம் வயல் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டார்கள். அதை டேட்டா பேங்க் என்கிறார்கள். பட்டியலில் இருந்து தன் இடத்தை நீக்கித் தர வேண்டும் என்று யாராவது மனு கொடுத்தால், பஞ்சாயத்து பிரசிடென்டும் விவசாயம் பார்க்கிற கிருஷி ஆபீசரும் வில்லேஜ் ஆபீசரும் மூன்று விவசாயிகளும் சேர்ந்த கமிட்டி போய்ப் பார்க்கும். சட்டம் வருவதற்கு முன்பே கரையாகிப் போன இடம் என்றால் நீக்கலாம். பிறகு கரையாக்கியது என்றால் நீக்கக் கூடாது.

அந்த மூன்று விவசாயிகளில் ஒருவன் நான். எங்கள் ஏலாவில் இப்போதும் நெல் போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் உண்டு. அதில் எனக்குச் சொந்தமாக ஒரு சென்ட் வயல் கிடையாது. எல்லாம் பாட்டத்துக்கு, குத்தகைக்கு, எடுத்தது. என்னைத் தேர்ந்தெடுத்த அன்று வார்டு மெம்பர் டீக்கடையில் வைத்து, “மற்றவன் எல்லாம் மைக் கண்டா விடமாட்டான். இவன் வாய் துறக்கமாட்டான், அதாக்கும் வேண்டியது” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது என்னைப் பற்றிய உண்மைதான்.

கமிட்டியில் நான் ஒன்றும் பேசியதில்லை. காகிதம் மலையாளத்தில் இருக்கும். கையெழுத்து வைக்கிற இடத்தைப் பிரசிடென்ட் காட்டுவார், ஒப்புப் போடுவேன். பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள், தெரிந்த முடிவுகள். மயினியின் மனு வரும்வரை அப்படித்தான் போயிற்று.

மயினி என்றால் என் அண்ணனின் மனைவி. அவருடைய மனுவைச் சொல்லுமுன் அந்த இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இருந்தது ஏலாவின் ஓரத்தில் ஒரே துண்டு வயல். அதைப் பாகம் வைத்தபோது ரோட்டை ஒட்டிய பாதியை அண்ணன் எனக்குத் தந்தார். தோட்டை ஒட்டிய உள்பாதியை அவர் எடுத்துக்கொண்டார். மூத்தவர் என்ற முறையில் அவர்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். “எனக்கு பாலராமபுரத்தில துணிக்கடை வேலை உண்டு. நீ இந்த மண்ணை நம்பி நிக்கியவன். ரோட்டோரம் இருந்துக்கோ” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு வராதவனுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

கல்யாணம் ஆனதும் என் பாதியில் வீடு வைக்கத் தீர்மானித்தேன். சட்டம் அப்போது வரவில்லை. பக்கத்தில் ஒரு குன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள், செம்மண் சுலபமாகக் கிடைத்தது. டிப்பர் கொண்டு கொட்டிய மண்ணைப் பரத்தியது நானும் அண்ணனும்தான். மதியம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அண்ணன், “இதில நின்ன வெள்ளம் இனி எங்க போவும்?” என்று கேட்டார்.

“கீழ போவும்” என்றேன்.

கீழே என்றால் அவருடைய வயல். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி மம்மட்டியை எடுத்தார். அந்தக் காலத்தில் வயலை நிரப்புவது தப்பு என்று யாருக்கும் தெரியாது என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். எழுதினால் பொய்யாகிவிடும். வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர்; அது எங்கே போகும் என்பது தெரிய சட்டம் வேண்டாம்.

அடுத்த மழைக்கே அண்ணன் வயலில் தண்ணீர் வடியவில்லை. நாற்று அழுகியது. இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், பார்த்துவிட்டு அவர் நெல்லை விட்டார். பிறகு பணை கோரினோம். சேற்றை வாரி வாரி நீளமாகத் திட்டு வைத்து, அதன்மேல் வாழை நடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் பணை கோருவது என்பார்கள். திட்டுக்கும் திட்டுக்கும் இடையில் தண்ணீர் நிற்கும். ஆண்டுதோறும் இடைவெளியில் இருந்து சேற்றை வாரித் திட்டில் போட்டால் திட்டு உயர்ந்துகொண்டே போகும். ஒரு டிப்பர் மண் வராமலேயே வயல் கரையாகிவிடும். யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள், வாழைக்கு மண் அணைப்பதாகத்தானே தோன்றும்.

சட்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் தென்னை. தென்னை நிற்கிற இடத்தைக் கரை என்று எழுதுவார்கள் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். காட்டாக்கடைச் சந்தையில் இருந்து நன்றாக முற்றிய, இடுப்பு உயரத் தென்னங்கன்று பார்த்து வாங்கி வந்தோம். திட்டின் இரண்டு தலைப்பிலும் நான்தான் குழி எடுத்து நட்டேன். அண்ணன் சாணமும் சாம்பலும் உப்பும் போட்டுக்கொண்டே இருப்பார். “எலே, காய்க்கலேண்ணாலும் காரியமில்ல. சட்டென்று வயசாயிரணும்” என்பார். ஊரில் மற்றவர்கள் காய்க்காகத் தென்னை வளர்த்தார்கள். நாங்கள் வயசுக்காக வளர்த்தோம். சேற்றுச் சத்தில் அவை அப்படித்தான் வளர்ந்தன. சில வருடத்தில் பார்க்கிறவர்களுக்கு அது பழைய தோப்பு.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது மரங்கள் காய்க்கத் தொடங்கிய பிறகு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். மயினியும் மகளும் கொல்லயில் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மகள் ஒரு லேப்பில் வேலைக்குப் போகிறாள். போன வருடம் அந்த வீட்டுக்காரர், வெளிநாட்டில் இருக்கும் தன் மகன் குடும்பத்தோடு வருவதால் வீட்டை ஒழித்துத் தரச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு உலகத்தில் இருப்பது அண்ணனின் அந்தத் துண்டு மட்டும். அதில் பாதியைப் பிளாட் பிரித்து விற்கிறவரிடம் கொடுத்து, மீதிப் பாதியில் வீடு வைப்பது மயினியின் கணக்கு. அதற்கு முதலில் டேட்டா பேங்கில் இருந்து இடத்தை நீக்க வேண்டும்.

வானத்தில் இருந்து எடுத்த படத்தையும் வரவழைத்திருந்தார்கள். சட்டம் வந்த காலத்துப் படத்தில் பச்சையாக மட்டும் தெரிகிறது, நெல்லா வாழையா தென்னையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று கிருஷி ஆபீசர் சொன்னார். அதனால் கமிட்டி நேரில் போய்ப் பார்த்து எழுதுவதுதான் முடிவு.

கமிட்டி வருவதற்கு முந்தின சாயங்காலம் மயினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுக்களைப் படியில் உட்கார்ந்து என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னது சொல்லு என்று சொல்லவும் இல்லை. எழுந்து போகும்போது, “நாளைக்கு எளநி வெட்ட ஆள் சொல்லியிருக்கேன். தம்பியும் உண்டுல்லா, பின்ன எனக்கு என்ன பயம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, போன மழையில் எங்கள் அடுக்களை வாசல்வரை தண்ணீர் வந்ததை நினைவுபடுத்தினாள். ஏலாவில் ஒவ்வொருவராக நிரப்பி நிரப்பி, தண்ணீர் இறங்குவதற்கு மிச்சம் இருந்ததே அண்ணன் இடத்துத் திட்டுகளின் இடைவெளிதான். “அதும் மண்ணிட்டு மதிலும் கெட்டியாச்சுண்ணா வெள்ளம் நேர நம்ம அடுப்பிலயாக்கும் ஏறும். ஓர்த்துக்கோங்க” என்றாள். 

மறுநாள் காலை எல்லோரும் ஏலாவில் கூடினோம். கிருஷி ஆபீசர் சின்ன வயசுப் பெண். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு திட்டில் ஏறி நடந்தார். மயினி குடை பிடித்து முன்னால் போனார். மரமேறி இளநீர் வெட்டிப் போட, மயினியே அதைச் சீவி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். பிரசிடென்ட் குடித்துவிட்டு நல்ல இனிப்பு என்றார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மரங்களை அண்ணாந்து பார்த்த வில்லேஜ் ஆபீசர், இது பழைய தோப்புதான் என்ற மாதிரி ஏதோ சொன்னார். மற்ற இரண்டு விவசாயிகளும் தலையாட்டினார்கள். பிரசிடென்டும் எழுதிவிடலாம் என்றார். அப்போது ஆபீசர் மேடம் என் பக்கம் திரும்பி, “சேட்டன் இவிடத்தெ ஆளல்லே?” என்று கேட்டார். நான் இந்த இடத்துக்காரன்தானே என்று. “இந்தத் தெங்கு வச்சிட்டு எத்ர வர்ஷம் ஆயி?” இந்தத் தென்னை வைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று.

இளநீர் பாதி என் கையில் இருந்தது. மயினி என்னைப் பார்க்கவில்லை. அடுத்த காயைச் சீவிக்கொண்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கை. எனக்கு மயினியின் தலைக்கு மேலே என் வீட்டு அடுக்களைச் சுவர் தெரிந்தது. போன மழையின் தண்ணீர்க் கோடு அதில் செம்மண் நிறத்தில் அப்படியே இருந்தது.

“சட்டம் வந்த பெறவு வச்சதாக்கும். நாந்தான் வச்சேன்” என்றேன்.

கமிட்டியில் நான் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மரமேறிகூட மேலேயிருந்து குனிந்து பார்த்தார். மயினி வெட்டுக்கத்தியைத் திட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு தெரியாத பிள்ளையிடம் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“தென்னை எப்பம் வச்சேண்ணு சொல்லியாச்சு. உனக்க வீடு எதில வச்சிருக்குண்ணு மேடத்துக்கிட்ட சொல்லலியே மக்கா?”

 பிரசிடென்ட் இருமினார். என் வீடு சட்டத்துக்கு முந்தியது, அது வேறு காரியம் என்று அவர்தான் மேடத்திடம் சொன்னார். மயினி அதைக் கேட்டுச் சிரித்தார். “சட்டம் வரும்முன்ன வெள்ளத்துக்கு ஓடத் தெரியாது இல்லியா?” என்றார். பிறகு என் கையைச் சுட்டி, “குடிச்சு முடி. உனக்க மரத்து எளநியாக்கும்” என்றார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. வீடில்லாதவர்கள் வயலில் சின்னதாக ஒரு வீடு வைக்கச் சட்டத்தில் வேறு வழி உண்டு என்று மேடம் தேடிப் பார்த்தார். ஆனால் அதற்கும் தண்ணீர் ஓட்டம் தடைபடக் கூடாதாம். மயினியின் இடம் தோட்டை ஒட்டி, ஏலாத் தண்ணீர் எல்லாம் இறங்குகிற வாயில் கிடக்கிறது. அங்கே தண்ணீர் இறங்கும்படி செய்தது என் வீடு. ஆகவே அந்த வழியும் அடைந்தது. மேடம் வருத்தத்தோடுதான் எழுதினார். நான் ஒப்புப் போட்டேன். எந்த இடத்தில் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

நான் உண்மை சொன்னேன் என்று அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் வேறு ஒருவரின் இடமாக இருந்து, தண்ணீர் என் வீட்டுப் பக்கம் வராது என்றும் இருந்திருந்தால், நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இளநீர் குடித்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயலைக் காப்பாற்றச் சொன்ன உண்மை அல்ல அது. அடுக்களையைக் காப்பாற்றச் சொன்னது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் வயலுக்காக நின்ற மனுஷன் என்று ஊரில் பேச்சு பரவியது. மலையாளக் கணக்கில் சிங்க மாதம், அதாவது ஆவணி, ஒன்றாம் தேதி விவசாயிகள் தினம் கொண்டாடுவார்கள், நல்ல விவசாயிகளுக்குப் பொன்னாடை போடுவார்கள். அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். வரமாட்டேன் என்று வார்டு மெம்பரிடம் சொன்னேன். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவரே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மேடையில் ஒருவர் என்னைப் பற்றிப் பேசினார். ஊரில் மிச்சம் இருக்கிற வெளியை இப்படிப்பட்டவர்கள்தான் காக்கிறார்கள், படிப்பு இல்லாவிட்டாலும் மனசு உண்டு, சொந்த இரத்தத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றெல்லாம் சொன்னார். பொன்னாடை தோளில் விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள். ஓய்ந்த பிறகும் பின்னால் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். அன்று காய்கறி விதை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று வந்திருந்த பெண்கள் கூட்டத்தில் மயினி நின்றிருந்தார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. நிதானமாக, ஒரே சீராக, நான் மேடையை விட்டு இறங்கும்வரை தட்டினார்.

அந்தச் சத்தம் வீடுவரை என் கூடவே வந்தது. பொன்னாடையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். மனைவி எடுத்து மடிக்கப் போனாள், வேண்டாம் என்றேன். பின்பக்கம் போய் நின்று எங்கள் இடத்தைப் பார்த்தேன். ரோட்டோரப் பாதி. வீடு போக முன்னாலும் பின்னாலும் சும்மா கிடக்கிற கரை. ஒரு பக்கம் விறகுப்புரை, ஒரு பக்கம் துணி காயப்போடுகிற கொடி, நாலு மூடு மரச்சீனி என்கிற மரவள்ளி. மண்ணிட்டு நிரப்பிய அந்தக் கரை ஒன்றுக்கும் உபயோகப்படாமல் கிடந்தது. அண்ணனின் வயலைக் கெடுத்து நான் உண்டாக்கிய கரை அது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கிருஷி ஆபீசுக்குப் போய் வெளியே நின்றேன். உள்ளே போகத் தயக்கம். மேடம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். என் இடத்தில் ஒரு துண்டை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அவர்கள் அதில் வீடு வைக்கலாமா என்று கேட்டேன். டேட்டா பேங்கில் இல்லாத இடம், முன்பே கரையான இடம், வைக்கலாம், சில காகித வேலை உண்டு என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மரச்சீனியைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “பின்பக்கம் குடுங்க” என்றாள். அவ்வளவுதான் சம்மதம்.

கொல்லயிலில் மயினி வீட்டு வாசலில் போய் நின்றேன். சாமான்களைக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள், தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மயினி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பால் இல்லாத ஒரு கட்டன்சாயா கொண்டுவந்து திண்டில் வைத்தார். குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்தேன். 

“பொன்னாடை எங்க? போத்திட்டு வந்திருக்கலாமே” என்றார் மயினி.

“நமக்க எடத்தில வீடு வச்சுக்கோங்க மயினி.”

“ஆருக்க எடத்தில?”

“எனக்க எடத்தில. பாதி.”

மயினி என் முகத்தையே பார்த்தார். “தருமமா?” என்றார்.

“மாத்தம்” என்றேன். “எடத்துக்கு எடம். வயல எனக்குத் தாருங்கோ, கரையை நீங்க எடுத்துக்கோங்கோ.” வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. இல்லாவிட்டால் எனக்கு வந்திருக்காது.

மயினி சிரித்துவிட்டார். உண்மையிலேயே சிரிப்பு வந்துதான் சிரித்தார். “கொள்ளாம், நல்லா இருக்கு. பொன்னாடையும் உனக்கு, இப்பம் வயலும் உனக்கு. உனக்க அண்ணன் கேட்டிருந்தா, எலே, நீ பேசமாட்டேண்ணு எந்த மடையன் சொன்னான்ணு கேப்பாரு.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாத்திட்டுச் சொல்லுகேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். நான் பின்பக்கத்தைக் காட்டினேன். எட்டு சென்ட் வரும், மரச்சீனியைப் பிடுங்கினால் நல்ல சதுரம் என்றேன். மயினி பின்பக்கம் வரவே இல்லை. வீட்டுக்கு முன்னால் நின்று இடமும் வலமும் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை விலக்கிக்கொண்டு நடந்து முற்றத்தின் நடுவில் போய் நின்றார்.

“இவிட வைப்பேன்” என்றார்.

அது எங்கள் வாசலுக்கு நேர் முன்னால். அங்கே வீடு வந்தால் எங்களுக்கு ரோடு தெரியாது. காலை வெயில் உள்ளே வராது. எங்கள் வீடு அவர் வீட்டுக்குப் பின்வீடு ஆகிவிடும். ரோட்டுக்குப் போக அவர் சுவரோரம் ஒரு ஆள் அகல வழி மிஞ்சும்.

“மூத்தவரான அவருக்கு முதல்ல ரோட்டோரமாக்கும் வரேண்டியது” என்றார் மயினி. என்னிடம் அல்ல. என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். “பொறத்த பொறத்த இருந்து எனக்கு மதியாச்சு, போதும்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல நின்றேன். அவள் உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கூடையோடு வந்து, காயாத துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். மயினியும் மறுமுனையில் போய் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். 

பத்திரம் ஆயிற்று. அண்ணனின் இடம் என் பெயருக்கு வந்தது. கன்னி மாதம் முழுவதும் பணைத் திட்டுகளை வெட்டி நிரவினேன். அண்ணனும் நானும் வருடக்கணக்காக ஏற்றிய சேற்றை இறக்க எனக்கு அத்தனை நாள் ஆகவில்லை. தோட்டு வாயை அடைத்து நின்ற தென்னைகளை மட்டும் வெட்டினேன். மற்றவை நிற்கின்றன. அவற்றின் வயசை இனி யாரும் கேட்கப் போவதில்லை. துலா மாதத்தில், கும்ப மாதம் அறுக்கிற கும்பப்பூவுக்கு நாற்று நட்டேன். நிழலடிக்கிற இடத்தில் பயிர் மெலிந்துதான் இருக்கிறது. ஆனாலும் மழை பெய்தபோது தண்ணீர் நின்று இறங்கியது. எங்கள் அடுக்களைப் பக்கம் வரவில்லை. இந்த மாற்றத்திலும் நான் காத்துக்கொண்டது என் அடுப்பைத்தானோ என்று தோன்றும்போது மம்மட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

ஊரில் இப்போது முன்னைவிடப் புகழுகிறார்கள். வீட்டுமுற்றத்தையே கொடுத்துவிட்டான் என்கிறார்கள். டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்று பிரசிடென்டிடம் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. உன்னை மாதிரி ஆள்தான் வேண்டும் என்றார். வாய் திறக்காத என்னைத் தேர்ந்தெடுத்த அன்று வார்டு மெம்பரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்.

மயினி ஒருவர்தான் என்னைப் புகழுவதில்லை. அவர் வீட்டுக்குக் கூரை வார்ப்பு ஆகிவிட்டது, பூச்சு பாக்கி. பாக்கி வேலை முடியுமுன்பே அடுக்களைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு குடி வந்துவிட்டார்கள். எங்கள் முன்வாசலைத் திறந்தால் நேரே அவருடைய அடுக்களைப் பின்சுவர். பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கள் வாசலுக்கு வந்து தேங்கியது. நான் சுவரோரமாக ஒரு சால் வெட்டி, எங்கள் வீட்டைச் சுற்றிப் பின்னால் வயலுக்குக் கொண்டுபோனேன். முன்பு நான் அடைத்த வழி ஏறக்குறைய அதுதான்.

இன்று காலை நான் இதை எழுத உட்கார்ந்திருந்தபோது மயினி அடுக்களை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, வெள்ளம் போவுதாண்ணு பாரு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். சாலில் சோற்றுப் பருக்கையும் மீன் செதிலுமாகப் போய்க்கொண்டிருந்தது.

“போவுது மயினி” என்றேன்.

“நிக்காம போவுதா?”

கடைசிவரை நடந்து போய், வயலில் விழுகிற இடத்தில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, “நிக்கேல்ல” என்றேன். ஜன்னலை அவர் சாத்தவில்லை. நான் திரும்பிவந்து இதை எழுதி முடித்தேன்.

மகர மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.